'எத்திக்ஸ் கமிட்டி அனுமதி பெறப்பட்டது' என்று ஒரு வரி போட்டால் போதுமா? ரிவிஷனில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்

சேலம்_ஸ்காலர்:

வணக்கம். சேலத்தில் பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி., நான்காவது வருடம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், சுருக்கினால் என் சிக்கல் புரியாது.

2022 நவம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை, காப்பி பறிப்பு நடக்கும் மாதங்களில், ஏற்காட்டில் எஸ்டேட் லயங்களிலும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சுற்றுக் கிராமங்களிலும் பெண்களிடம் ரத்தசோகை பற்றி ஆய்வு செய்தோம். மொத்தம் 412 பேர், பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் (வெளியூர்க்காரர்களுக்காக: கேரளத்தவர் இல்லை, சேர்வராயன் மலையின் சொந்த மக்கள்). விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தோம். கூடவே கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கத்தை மொபைலில் படம் எடுத்தோம். டாக்டர் கண்ணால் பார்த்து 'வெளிறியிருக்கிறது' என்று சொல்வது எந்த அளவுக்குச் சரி என்று ஒப்பிடுவதற்காக. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு முறையானதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி, ஒரு மருத்துவக் கல்லூரியுடையது, அதன் அனுமதி இருந்தது, சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினோம். அதுவரை எல்லாம் ஒழுங்கு.

அப்புறம் இன்ஜினியரிங் கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பன் படங்களைக் கேட்டான், கொடுத்தேன். அவன் ஒரு ஏஐ மாடலுக்கு அவற்றைக் கொடுத்துப் பழக்கினான். ஊசி குத்தாமல், படத்தைப் பார்த்தே ரத்தசோகை இருக்கிறதா என்று அது ஓரளவு நன்றாகவே சொல்கிறது. கட்டுரையாக எழுதி வெளிநாட்டு ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பினோம். ரிவ்யூவர் இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. எடிட்டர் அலுவலகம்தான் விடவில்லை. கமிட்டி கொடுத்த அனுமதி ஏஐ மாடல் பழக்குவதையும் சேர்த்தா, பெண்கள் கொடுத்த சம்மதத்தில் அது இருந்ததா, படங்களை எந்தப் பொதுக் களஞ்சியத்தில் போடப் போகிறீர்கள், எழுதும்போது எங்கெல்லாம் ஏஐ கருவிகள் பயன்படுத்தினீர்கள் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். 60 நாள் அவகாசம்.

பழைய சம்மதப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'இந்தத் தகவல்கள் இந்த ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்தப்படும்.' நானே டைப் செய்த வரி.

கைடிடம் சொன்னால், "அதே கமிட்டி, அதே டேட்டா, அதே ஆளுங்க, அப்ரூவல் நம்பரைப் போட்டு அனுப்பிவிடு" என்கிறார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பெண்களிடம் எடுத்த தமிழ்ப் பேட்டிக் குறிப்புகளை ஆங்கிலமாக்க ஒரு சாட்பாட்டில் அப்படியே ஒட்டினேன். ஊர்ப்பெயரெல்லாம் அதில் இருந்தது. இப்போது என்ன எழுதுவது?

பழைய_பாவி:

தம்பி, நான் பதினைந்து வருடமாகக் கட்டுரை போடுகிறேன். அந்தப் பத்தியை அச்சில் வந்தபின் ஒருவரும் படிப்பதில்லை. நம்பரைப் போடுங்கள், 'அனைத்து நெறிமுறைகளும் பின்பற்றப்பட்டன' என்று ஒரு வரி, டேட்டாவுக்கு 'கேட்டால் தரப்படும்', ஏஐக்கு 'மொழித் திருத்தத்துக்கு மட்டும்'. முடிந்தது கதை. இதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் பட்டம் வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும்.

மினிட்ஸ்_எழுதுபவர்:

மேலே சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நான் ஒரு எத்திக்ஸ் கமிட்டியில் மெம்பர் செக்ரட்டரியாக இருக்கிறேன், அந்த நம்பர் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள்.

அனுமதி என்பது ஆளுக்குக் கொடுப்பதில்லை, டேட்டாவுக்கும் கொடுப்பதில்லை. நீங்கள் சமர்ப்பித்த புரோட்டோகால், அதாவது ஆய்வுத் திட்டம் இருக்கிறதே, அதற்குத்தான். 'எத்தனை பேருக்கு ரத்தசோகை, டாக்டரின் கண் எவ்வளவு சரி' என்று கேட்ட ஆய்வுக்குக் கிடைத்த நம்பரை, 'படத்தைப் பார்த்து நோய் சொல்லும் மென்பொருள் செய்தோம்' என்ற கட்டுரையின் அடியில் போட்டால், கமிட்டி பார்க்காத ஒன்றைக் கமிட்டி பார்த்ததாக எழுதுகிறீர்கள். அச்சில் வந்தபின் யாரும் படிப்பதில்லை என்பதும் பாதி உண்மைதான். சண்டை வந்தால் முதலில் அந்தப் பத்தியைத்தான் எடுத்துப் படிப்பார்கள். 2014இல் ஃபேஸ்புக்கில் சுமார் 6.89 லட்சம் பேரின் நியூஸ் ஃபீடில் மகிழ்ச்சியான அல்லது சோகமான பதிவுகளைக் குறைத்துக் காட்டி உணர்ச்சி தொற்றுகிறதா என்று பார்த்த கட்டுரை பிஎன்ஏஎஸ் இதழில் வந்தது. டேட்டாவைத் திரட்டியது கம்பெனி, ஆகவே தங்கள் கமிட்டி பார்க்க வேண்டியதில்லை என்று கார்னெல் பல்கலைக்கழகம் முடிவு செய்திருந்தது. சட்டப்படி அதில் குறை சொல்ல முடியவில்லை, இருந்தும் சம்மதம் பற்றி எழுந்த சத்தத்தில் இதழே 'கவலைக் குறிப்பு' ஒன்றைக் கட்டுரையோடு சேர்த்து வெளியிட வேண்டி வந்தது.

உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது ஹவாசுபாய் கதை. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனுக்குள் வாழும் சின்னப் பழங்குடி. சர்க்கரை நோய் ஆய்வு என்று சொல்லி 1990களில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ரத்தம் எடுத்தார்கள். அதே ரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் திருமணம், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள் என்றெல்லாம் கட்டுரைகள் வந்தன. மக்கள் கேள்விப்பட்டு வழக்குப் போட்டு, 2010இல் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்து முடித்தார்கள். ரத்தத்துக்குப் பதில் இமைப்படம் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது. நடந்ததற்குப் பின்தேதி போட்டு எந்தக் கமிட்டியும் அனுமதி தராது, தரவும் கூடாது. ஆகவே 'திருத்தம்' என்று ஒரு பக்கக் கடிதத்தோடு போகாதீர்கள். நடந்ததை அப்படியே, விதிமீறல் நடந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள். கூடவே பழைய படங்களை இரண்டாவது நோக்கத்துக்குப் பயன்படுத்தப் புதிய புரோட்டோகால் போடுங்கள். பழக்கிய மாடலை ஓரமாக வைத்துவிட்டு, அனுமதி வந்தபின் மறுபடி பழக்குங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்மதம் இல்லாமலே அனுமதிக்கக் கமிட்டிக்கு வழி இருக்கிறது. அடையாளம் நீக்கிய டேட்டா, ஆபத்து மிகக் குறைவு, ஆட்களைத் திரும்பத் தேடிப்பிடிக்க முடியாத நிலை, இப்படி இருந்தால் விலக்குக் கொடுப்போம். ஆனால் நீங்கள் விலக்குக் கேட்டால் என் கமிட்டியில் நான் கேட்கும் முதல் கேள்வி, 'அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஆட்கள் அங்கேயே இருக்கிறார்களே, ஏன் முடியாது?' அதோடு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டியில் பழங்குடியினர் பற்றித் தனியாகவே இருக்கிறது. கலெக்டர் போன்ற நிர்வாக அதிகாரியின் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், ஊர்ப் பெரியவர் சரி என்று தலையாட்டினாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். ஏஐக்கென்று 2023இல் ஐசிஎம்ஆர் போட்ட வழிகாட்டியையும் படியுங்கள், டேட்டா எங்கிருந்து வந்தது, யாரை விட்டுவிட்டது, தவறினால் யார் பொறுப்பு என்று அதில் கேட்பதெல்லாம் உங்கள் கட்டுரைக்கு அப்படியே பொருந்தும்.

கோடு_எழுதுகிறவன்:

நான் அந்த நண்பன் இல்லை, அவனைப் போல ஒருவன். எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்கிறேன். பல இன்ஜினியரிங் கல்லூரிகளில் மனிதர் சம்பந்தப்பட்ட ஆய்வுக்கு எத்திக்ஸ் கமிட்டியே கிடையாது. எங்களுக்கு டேட்டா என்றால் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை. 2020இல் ஏஐ ஆராய்ச்சிக்கான நியூரிப்ஸ் மாநாடு, கட்டுரையோடு சமூக விளைவு பற்றியும் ஒரு பத்தி எழுத வேண்டும் என்று சொன்னபோது எங்கள் லேபில் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

படங்களைப் பொதுவில் போடச் சொல்கிறார்களே, அதற்கு முன் ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பெரிசாக்கிப் பாருங்கள். கீழ் இமையை இழுத்துப் பக்கத்தில் வைத்து எடுத்தால் கருவிழியும் சேர்ந்து விழும். ஆதாருக்கு எடுப்பது கைரேகையோடு அதே கருவிழியைத்தான். மொபைல் கேமரா அந்த அளவுக்குத் துல்லியம் இல்லை என்று வாதாடலாம், ஆனால் 'முகம் தெரியவில்லை, ஆகவே அடையாளம் இல்லை' என்று மட்டும் எழுதிவிட முடியாது. கருவிழியின் பளபளப்பில் சில சமயம் படம் எடுக்கும் ஆளும் ஜன்னலும்கூடத் தெரியும். அடுத்தது படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எக்ஸிஃப் விவரம். லொக்கேஷன் ஆன் செய்திருந்தால் எந்த லயத்து வாசலில், எத்தனை மணிக்கு எடுத்தது என்பது வரைக்கும் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் இருக்கும். 412 வீட்டு முகவரியை ரத்தக்கணக்கோடு சேர்த்து இணையத்தில் போட்டதாகத்தான் ஆகும். சிவப்புச் சதையை மட்டும் வெட்டியெடுத்து, எக்ஸிஃபை அழித்து, அப்புறம்தான் யாருக்கும் கொடுக்க வேண்டும். உங்கள் நண்பனிடம் இருக்கும் ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

சாட்பாட்டில் ஒட்டியது பற்றி: அந்த உரையாடலை அழித்துவிட்டால் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எந்தக் கணக்கு, என்ன செட்டிங், பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள அனுமதித்திருந்தீர்களா என்று பார்த்துக் குறித்து வையுங்கள். அதையும் கமிட்டிக்குச் சொல்ல வேண்டிவரும்.

ப்ரூஃப்_பார்ப்பவள்:

ஜர்னல் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. வீட்டிலிருந்தபடி சில இதழ்களுக்குக் கட்டுரை சரிபார்க்கிறேன், அஸ்தம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக் கட்டுரையையெல்லாம் திருத்துகிற வேலை.

அனுமதி இருக்கிறது என்பதோடு எடிட்டர் வேலை முடிந்துவிடாது. கமிட்டி சரி என்று சொன்ன ஆய்வையும் எடிட்டர் தன் அளவில் எடைபோடலாம் என்று மருத்துவ இதழ்கள் பின்பற்றும் ஐசிஎம்ஜேஇ (மருத்துவ இதழ் எடிட்டர்களின் சர்வதேசக் குழு) பரிந்துரையிலேயே இருக்கிறது. அதே பரிந்துரையில் 2023 மே மாதம் ஏஐயும் சேர்ந்தது. சாட்பாட் கட்டுரையின் ஆசிரியர் ஆக முடியாது, பயன்படுத்தினால் எதற்கு, எப்படி என்று சொல்ல வேண்டும். எழுத்து உதவி என்றால் நன்றியுரையில், டேட்டாவைத் தொட்டிருந்தால் ஆய்வுமுறைப் பகுதியில். உங்களுடையது இரண்டாவது வகை, பேட்டிக் குறிப்பு உங்கள் டேட்டா, அதை மொழிபெயர்த்ததை 'மொழித் திருத்தம்' என்று எழுதுவது பொய்.

சொல்லிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2024 பிப்ரவரியில் ஃப்ரான்டியர்ஸ் இதழ் ஒன்றில் ஒரு எலிப் படம் வந்ததே, உடம்பைவிடப் பெரிய உறுப்போடு, அர்த்தமே இல்லாத எழுத்துகளோடு, ஞாபகம் இருக்கிறதா? மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் வரைந்தது என்று கட்டுரையிலேயே ஒழுங்காக எழுதியிருந்தார்கள். மூன்றே நாளில் திரும்பப் பெற்றார்கள். மறைத்ததற்காக இல்லை, படங்களே தப்பாக இருந்ததற்காக; ரிவ்யூவர் ஒருவர் அவற்றைப் பற்றிக் கேட்டும் சரிசெய்யாமலே அச்சேறியிருந்தது. ஆகவே மொழிபெயர்ப்பை மூலத்தோடு நீங்களே வரிவரியாக ஒப்பிட்டீர்களா என்பதையும் எழுதுங்கள். ஒப்பிடவில்லை என்றால் இப்போது ஒப்பிடுங்கள். ஏற்காட்டுப் பெண் சொன்ன 'கிறுகிறுப்பு' ஆங்கிலத்தில் என்னவாகிப் போனதோ.

அந்தப் பத்தி நீளமாகிவிடுமே என்று பயப்படாதீர்கள். கமிட்டிப் பெயர், நம்பர், தேதி, எதற்கு அனுமதி, எதற்கு இல்லை, பின்னால் என்ன நடந்தது, இப்போது என்ன சரிசெய்தீர்கள், எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். டேட்டாவுக்கு 'கேட்டால் தரப்படும்' என்று போட்டால் யார் கேட்டால், எந்த நிபந்தனையில், யார் முடிவு செய்வார் என்று திரும்பவும் கேட்பார்கள், அதையும் முதலிலேயே சொல்லிவிடலாம். அவகாசம் போதாது என்றால் எடிட்டருக்கு இன்றே ஒரு மெயில். காரணம் எத்திக்ஸ் கமிட்டி என்றால் பெரும்பாலும் தருவார்கள்.

மிளகுக்கொடி:

நான் ஆராய்ச்சிக்காரி இல்லை, தேடும்போது இந்தப் பக்கம் வந்தேன். எங்கள் ஊர் மேலே, நாகலூர் தாண்டி. சேலத்தில் தங்கி பி.எட். படிக்கிறேன். நீங்களா வேறு யாராவதா தெரியாது, ஆனால் அந்த வருடம் பறிப்புச் சமயத்தில் எங்கள் அம்மாவையும் இப்படி உட்காரவைத்து, கண்ணை இழுத்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பழம் பறித்த கையோடு, இடுப்பில் பையோடு வந்து வரிசையில் நின்றது. ரத்தம் குறைவு என்று சொன்னார்கள். சீட்டு ஏதும் தரவில்லை, மாத்திரை யாரிடம் கேட்பது என்றும் சொல்லவில்லை. அரை நாள் கூலி போனதுதான் மிச்சம்.

இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், உன் கண் படத்தை வைத்துக் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லித்தருகிறார்களாம், உனக்குச் சரியா என்று. "ஊசி குத்தாம சொல்லுமா? அப்ப நல்லதுதான். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றது. அவ்வளவுதான். மேலே ஏறி வாருங்கள், யாரும் அடிக்கமாட்டோம். மத்தியானம் வராதீர்கள், வேலைக்குப் போயிருப்போம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

சேலம்_ஸ்காலர்:

எல்லோருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

கைடு முதலில் முறைத்தார், அப்புறம் கமிட்டிக்குக் கொடுக்கும் கடிதத்தில் அவரே இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். கமிட்டியில் வெளி உறுப்பினராக இருக்கும் வக்கீல் அம்மா, "'மட்டுமே' என்று எழுதியது யார்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் என்றேன். விதிமீறல் என்று மினிட்ஸில் ஏற்றினார்கள், புதிய புரோட்டோகாலுக்கு அனுமதி கொடுத்தார்கள், பழைய மாடலை அழிக்கச் சொன்னார்கள். நண்பன் ஃபோல்டரில் லொக்கேஷன் அப்படியே இருந்தது. அதே ஃபோல்டர் அவன் மாணவர்கள் மூன்று பேர் லேப்டாப்பிலும் இருந்தது. எல்லாவற்றிலும் அழித்து, அழித்ததாக எழுதி வாங்கினோம்.

கலெக்டர் அலுவலகக் கடிதம் கைக்கு வந்தபின், ஞாயிறு ஞாயிறாக நான்கு வாரம் மேலே போனோம். புதுப் படிவத்தை வாசித்துக் காட்டினோம், மாடல் என்றால் என்ன என்று சொல்ல முதல் வாரம் திணறினேன். கூட வந்த நர்ஸ்தான் வழி கண்டுபிடித்தார், "நானும் நிறையக் கண்ணைப் பார்த்துப் பார்த்துத்தானே ரத்தம் இருக்கா இல்லையான்னு கத்துக்கிட்டேன், அதையே மிஷினுக்குப் பழக்குறாங்க" என்று. 338 பேர் சரி என்றார்கள். 29 பேர் வேண்டாம் என்றார்கள், அதில் ஒரு பாட்டி காரணமும் சொன்னது, "என் கண்ணு எங்க போகுதுன்னு உனக்கே தெரியலயே சாமி". மீதி 45 பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அவர்கள் படங்களையும் நீக்கிவிட்டோம். போகும்போது ஹீமோகுளோபின் சீட்டையும் கொண்டுபோனோம், இரண்டு வருடத்துக்கும் மேல் பழையது, ஆகவே அது எதற்கும் உதவாது என்று புரிந்து, சம்மதித்தவர்களின் பெயரைக் கிராம சுகாதார நர்ஸிடம் கொடுத்து மறுபடி பரிசோதிக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். மிளகுக்கொடி, உங்கள் அம்மாவைப் பார்த்தேனா என்று தெரியவில்லை. பார்த்திருந்தால் திட்டியிருப்பார் என்று நினைக்கிறேன், இரண்டு பேர் திட்டினார்கள்.

மாடலை மறுபடி பழக்கியதில் துல்லியம் கொஞ்சம் இறங்கிவிட்டது. நண்பனுக்கு வருத்தம். மொழிபெயர்ப்பை ஒப்பிட்டேன், ப்ரூஃப்_பார்ப்பவள் சொன்னது சரி, 'கிறுகிறுப்பு' ஓர் இடத்தில் சோர்வாகவும் இன்னோர் இடத்தில் மயக்கமாகவும் ஆகியிருந்தது.

எத்திக்ஸ் பத்தி இப்போது ஒரு பக்கத்துக்கு மேல் போகிறது. ஜர்னல் தளத்தில் அந்தப் பெட்டிக்குள் இவ்வளவும் அடங்கவில்லை, பிற்சேர்க்கையாக ஏற்றலாமா என்று எடிட்டருக்கு மெயில் போட்டிருக்கிறேன். நீட்டித்துக் கொடுத்த அவகாசத்தில் இன்னும் 11 நாள் இருக்கிறது.